கேட்ட மாதிரிதான்

பரிமாற்றம் என்ற சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு காலத்தில் நல்ல சொல்லாகத்தான் இருந்தது. எங்கள் பல்கலைக்கழக நூலகமும் கடல் கடந்த இன்னொரு பல்கலைக்கழக நூலகமும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. அங்கிருந்து இரண்டு பேர் வந்து ஆறு வாரம் எங்களோடு வேலை பார்ப்பார்கள். தெரிந்ததைச் சொல்லித் தருவார்கள், தெரியாததைக் கற்றுக்கொள்வார்கள். பிறகு இங்கிருந்து ஒருவர் அதே மாதிரி அங்கே போவார். 'பணியாளர் திறன் பரிமாற்றம்' என்று வாசலில் பெரிய பதாகை கட்டினார்கள். வந்தவர்களுக்கு முதல் வாரம் முழுக்க விருந்து. எங்கள் பிரிவுப் பெண்கள் நாலு பேர் தட்டு எடுத்து வைத்து, தண்ணீர் ஊற்றி, போதும் போதும் என்று அவர்கள் கையை மறித்த பிறகும் விடாமல் பரிமாறினோம். "பரிமாற்றம்னா இதுதான் போல" என்று பக்கத்தில் நின்றவளின் காதில் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. எங்கள் தலைமை நூலகர் திரும்பி முறைத்தார்.

நான் அந்த நூலகத்தின் பாதுகாப்புப் பிரிவுக்குப் பொறுப்பாளர். பாதுகாப்பு என்றதும் வாசலில் தடியோடு நிற்கிற வேலை என்று நினைத்துவிட வேண்டாம். கிழிந்தது, பூசணம் பிடித்தது, பூச்சி அரித்தது, நனைந்தது என்று வந்து சேர்கிற புத்தகங்களைப் பிழைக்க வைப்பது என் வேலை. என் கணவரும் அதே நூலகம்தான். மேல்மாடியில் நிர்வாகப் பிரிவு. ஒப்பந்தம், கூட்டம், வரவேற்பு, வழியனுப்பு எல்லாம் அவர் கையில். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள்; என் மாமியாருக்குப் பிறந்தது அந்தப் பிள்ளைதான். நனைந்த புத்தகம் ஒன்றை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அது அவர் வேலை இல்லை, அவ்வளவுதான்.

வந்த இருவரில் ஒருத்தி எங்கள் அறையின் கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். முதல் நாளே இடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து எங்களுக்கு அவள் நெட்டை. அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் பெயரைச் சொன்னால் அவளும் திரும்பிப் பார்க்கத் தொடங்கினாள். அவளுடைய நூலகத்தில் அவளும் என் வேலைதான் பார்க்கிறாள். ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம். வார்த்தை கிடைக்காத இடத்தில் கையைக் காட்டிச் சமாளித்தோம்.

அவர்கள் வந்த இரண்டாம் வாரம், தொடர் விடுமுறையில், அடித்தளத்துப் புத்தக அறையில் குழாய் வெடித்தது. விடுமுறை முடிந்து கதவைத் திறந்தபோது முழங்கால் அளவு தண்ணீர். கீழ்த்தட்டுப் புத்தகங்கள் அத்தனையும் ஊறிக் கிடந்தன. சாதாரணத் தாள் நனைந்தால் எனக்குப் பயம் கிடையாது. புத்தகத்தை நிமிர்த்தி வைத்து, விசிறி மாதிரி விரித்து, நடுநடுவே ஒற்றுத்தாள் கொடுத்து, மின்விசிறிக் காற்றில் விட்டால் காய்ந்துவிடும். வழவழப்புத் தாள் அப்படி இல்லை. வண்ணப் படம் அச்சடிக்கிற அந்தத் தாளின் மேல் மெல்லிய களிமண் பூச்சு இருக்கும். நனைந்தால் அது கூழாகும். காய்ந்தால் பசையாகும். காற்றில் வைத்தால் புத்தகம் அப்படியே செங்கல் ஆகிவிடும், பிறகு யார் வந்தாலும் ஒரு பக்கத்தைப் பிரிக்க முடியாது. ஈரம் போவதற்குள் ஒவ்வொரு தாளாகப் பிரிக்க வேண்டும். அதற்கு நேரம் இல்லையென்றால் அப்படியே உறைய வைத்துவிட வேண்டும். உறைந்துவிட்டால் எத்தனை மாதம் ஆனாலும் காத்திருக்கும்.

எங்கள் நூலகத்தில் உறைய வைக்க என்ன இருந்தது? தேநீர் அறையில் ஒரு குளிர்சாதனப் பெட்டி, அதிலும் பாதி யாரோ மறந்துவிட்டுப் போன தயிர். தலைமை நூலகர், "யார்கிட்டயாவது உதவி கேட்டு முறைப்படி கடிதம் போடுவோம்" என்றார். கடிதம் போய்ச் சேர்வதற்குள் மருத்துவப் புத்தகங்களும் ஓவியப் புத்தகங்களும் செங்கல் சூளையாகியிருக்கும். நான் ஒரு லாரியைப் பிடித்து, நெட்டையையும் ஏற்றிக்கொண்டு துறைமுகத்து மீன் கிடங்குக்குப் போனேன். கிடங்கு மேலாளர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "புத்தகத்தையா வைக்கணும்?" என்றார். "மீனுக்கு என்ன மரியாதை குடுப்பீங்களோ அதைக் குடுங்க, போதும்" என்றேன். மனிதர் சிரித்துவிட்டு ஒரு அறையையே ஒழித்துக் கொடுத்தார். பிறகு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பிரித்துக் காயவைத்தோம். ஏறக்குறைய எல்லாம் பிழைத்தன. அலமாரியில் லேசாக மீன் வாடை நின்றுவிட்டது. மாணவர்கள் எனக்கு மீன் மேடம் என்று பெயர் வைத்தார்கள்.

நெட்டை ஊருக்குக் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். எங்களிடம் பெரிய பெரிய இயந்திரங்கள் இருக்கின்றன, ஒன்று நின்றுபோனால் அடுத்து என்ன செய்வது என்று எங்களில் யாருக்கும் தெரியாது, நீ வந்து சொல்லிக் கொடு. பதிலுக்குத் தாள் கழுவுகிற வேலையை நாங்கள் சொல்லித் தருகிறோம். அழுக்கேறி, நொறுங்கி, கிழிந்துபோன தாளைத் தொட்டியில் கழுவி, மெல்லிய தாள் ஒட்டி மறுபடி நிமிர்த்துகிற வேலை அது. என் அறையில் அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியாக நொறுங்கிய பக்கங்கள் அடுக்கி வைத்திருக்கிறேன். தொட்டால் உதிரும் என்பதால் பல வருஷமாகத் தொடாமலே வைத்திருக்கிறேன். அந்த வேலை தெரிந்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. அந்த ஆறு வாரம் எனக்கு வேண்டும் என்று இருந்தது. வெளிநாடு பார்க்கிற ஆசை இல்லை. அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கென்று ஒன்று வேண்டும் என்று நான் வாயைத் திறந்து ஆசைப்பட்டது அதுதான் முதல் தடவை. வீட்டில் என் கணவரிடமும் சொன்னேன். "பாக்கலாம்" என்றார்.

அடுத்த மாதக் கூட்டத்தில் தலைமை நூலகர் எழுந்து, "நம்ம பக்கத்துலருந்து யார் போறதுன்னு முடிவாயிடுச்சு" என்றார். நான் பேனாவை மூடி வைத்தேன். எழுந்து நாலு வார்த்தை நன்றி சொல்ல வேண்டியிருக்குமே என்று நாற்காலியைக்கூடக் கொஞ்சம் பின்னால் தள்ளினேன். அவர் என் கணவரின் பெயரைச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். சிலர் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார்கள். தள்ளிய நாற்காலியை என்ன செய்வது என்று தெரியாமல் நானும் தட்டினேன். நான் கை தட்டினேன் என்பதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. "யார் போனா என்ன, ஒரே வீடுதானே" என்று தலைமை ஒரு நகைச்சுவை வேறு சொன்னார். அதற்கும் சிரித்தார்கள்.

கூட்டம் முடிந்ததும் தலைமை நூலகரின் அறைக்குப் போனேன்.

"சார், அவங்க என்னைத்தானே கூப்பிட்டாங்க?"

"ஆமாம்மா, உங்க பேர்தான் போட்டிருந்தாங்க. நான் இல்லேன்னு சொல்லலையே."

"அப்புறம் எப்படி சார் இப்படி ஆச்சு?"

"உங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன். அம்மாவுக்கு மூட்டு வலி, எழுந்து நடக்கவே முடியலை, இவ போயிட்டா வீடு படுத்துடும்னார். கிடைச்ச இடம் வீணாப் போகக் கூடாதேன்னு அவரே போறேன்னு ஒத்துக்கிட்டார். பெரிய மனசு."

"என்னை ஏன் சார் கேக்கலை?"

அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அவரைக் கேட்டா உங்களைக் கேட்ட மாதிரிதானேம்மா? நேரா உங்களைக் கேட்டு, நீங்க சரின்னு சொல்லி, அப்புறம் அதனால வீட்ல சண்டைன்னா எனக்குத்தானே பாவம். அதான் முதல்ல அங்க கேட்டேன். மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல."

"யாருக்கு சார் மரியாதை?"

"குடும்பத்துக்கு" என்றார்.

இந்த மனிதர் கெட்டவராக இருந்தால் எனக்கு வேலை சுலபம். நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகப் படுத்திருப்பேன். கெட்டவர் இல்லை. பூச்சி மருந்து வாங்க என்னைக் கேட்பார். ஏணி வாங்க என்னைக் கேட்பார். ஜன்னலுக்கு எந்த நிறத் திரை போட்டால் புத்தகத்துக்கு வெயில் படாது என்று நின்று நிதானமாகக் கேட்பார். என்னை அனுப்புவதற்கு மட்டும் என்னைக் கேட்கமாட்டார். இவர்களிடம் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அன்று கணவரோடு வண்டியில் வரவில்லை. பஸ் பிடித்து வந்தேன். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். மகன் வெளியூரில் படிக்கிறான். நான் உள்ளே நுழைந்தபோது அத்தை கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, சாயங்கால நடைக்குப் போக ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். எழுந்து நடக்கவே முடியாத என் மாமியார்.

கணவர் பின்னாலேயே ஒரு இனிப்புப் பொட்டலத்தோடு வந்தார். அதை மேசையில் வைக்கும்போதே கேட்டேன்.

"என்கிட்ட எப்ப சொல்லலாம்னு இருந்தீங்க?"

"சொல்லத்தான் இருந்தேன். நீ டென்ஷன் ஆவேன்னு நேரம் பாத்துட்டிருந்தேன்."

"நான் போகமாட்டேன்னு உங்ககிட்ட யார் சொன்னா?"

"கொஞ்சம் யதார்த்தமா யோசி. ஆறு வாரம். அம்மாவை யார் பாத்துக்கறது?"

ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் வெறும் உறையுமாக அத்தை எழுந்து நின்றார். "என்னை எதுக்குடா பாத்துக்கணும்?"

"நீ சும்மா இரும்மா. உன் மூட்டு வலி..."

"என் மூட்டுக்கு என்ன? நேத்து மைதானத்தை மூணு சுத்து வந்தேன். நீ ஒரு சுத்து வருவியா? தொப்பையைப் பாரு." என் பக்கம் திரும்பி, "என்னம்மா நடந்தது?" என்று கேட்டார். சொன்னேன். கேட்டுவிட்டு மகன் பக்கம் திரும்பினார். "என் காலைச் சொல்லி அவ காலை வாரிட்டியேடா" என்றார்.

அந்தக் காரணம் போனதும் அடுத்த காரணம் வந்தது. அங்கே பெரிய சபை, மேடையேறிப் பேச வேண்டும், நாலு பேர் முன்னால் நின்றால் எனக்குக் குரல் நடுங்கும், நூலகத்துக்குத்தான் அவமானம். அதுவும் எடுபடாததால் மூன்றாவது வந்தது. "நான் முதல்ல போய்ப் பழக்கம் பண்ணி வெச்சுட்டு வரேன். அடுத்த வருஷம் உன்னை அனுப்பறேன்." அனுப்புகிறாராம். முகவரி எழுதி, தபால்தலை ஒட்டி, பெட்டியில் போட்டுவிடுவார் போல. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்று காலம்காலமாகச் சொல்கிறார்கள். பூசாரியே வரத்தைச் சுருட்டிக்கொண்டு விமானம் ஏறுவான் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

மறுநாள் தலைமையிடம் மறுபடி போய் நின்றேன். பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது, பெயரை மாற்ற முடியாது, இந்த ஒரு தடவை விட்டுக்கொடுத்துவிடுங்கள் என்றார். நெட்டைக்கு நானே எழுதியிருக்கலாம். எழுதவும் உட்கார்ந்தேன். என் கணவர் என் இடத்தை எடுத்துக்கொண்டார் என்று வெளியாள் ஒருத்திக்கு எழுதக் கை வரவில்லை. வெட்கமாக இருந்தது. தப்பு செய்தவர் அவர், வெட்கம் மட்டும் எனக்கு. அதை நினைத்து இன்னும் கோபம் வந்தது.

அவருக்கு நான் பெட்டி அடுக்கித் தரவில்லை. அவரே அடுக்கினார். கிளம்புவதற்கு முதல் நாள் என் மேசைக் கணினியைத் திறந்தவர், குழாய் வெடித்த நாளிலிருந்து நான் எடுத்து வைத்திருந்த படங்களை எல்லாம் எடுத்துக்கொண்டார். கேட்டதற்கு, "ஆபீஸ் படம்தானே, உன் கல்யாண ஆல்பமா?" என்றார். அந்தப் படங்களில் பாதியில் என் கை இருந்தது. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய்யும் என்னுடையது, கையும் என்னுடையது, பந்தியில் பேர் வாங்கப்போவது மட்டும் அவர்.

போய்ச் சேர்ந்து ஒரு வாரம் வரை நன்றாகத்தான் இருந்தார். கட்டிடத்தின் முன்னால் நின்று படம் அனுப்பினார், கோட்டுப் போட்டுப் படம் அனுப்பினார். நான் பார்த்தேன், பதில் போடவில்லை. அத்தை மட்டும், "கோட்டு கை நீளமா இருக்கே, யார்கிட்ட வாங்கினான்?" என்று கேட்டார்.

இரண்டாம் வாரம் ஒரு சாயங்காலம் நான் சமையலறையில் இருந்தபோது வீடியோவில் அழைத்தார். அங்கே பகல். ஏதோ நடைவழியில் சுவரோரமாக ஒண்டிக்கொண்டு நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை.

"ஒரு சின்ன சந்தேகம்" என்றார் தணிந்த குரலில். "கழிச்சுப் போட்ட புத்தகம் கொஞ்சம் குடுத்து, நனைச்சுக் காயவெச்சுக் காட்டச் சொன்னாங்க. நேத்து நீ செய்யற மாதிரியே எல்லாத்தையும் விரிச்சு வெச்சு ஃபேன் போட்டுட்டேன். இன்னிக்குக் காலையில வந்து பாத்தா பாதி புத்தகம் கல்லு மாதிரி இருக்கு. திறக்கவே வரலை."

"எந்தப் பாதி?"

"அந்தப் படம் போட்ட புத்தகம்லாம்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அத்தனை படங்களைத் திருடிக்கொண்டு போனவர், படத்தில் எந்தத் தாள் விசிறிக்கு முன்னால் இருக்கிறது, எது மீன் பெட்டியில் இருக்கிறது என்று ஒரு தடவை பார்க்கக் கூடாதா?

"எல்லாரும் சுத்தி நின்னு ஏன் இப்படி ஆச்சுன்னு கேக்கறாங்க. டீ குடிச்சுட்டு வந்து சொல்றேன்னு வெளியில வந்திருக்கேன். நீ லைன்லயே இரு. நான் காதுல மாட்டிக்கறேன். அவங்க கேக்கறதை நான் ஒரு தடவை திருப்பிச் சொல்றேன், நீ பதிலைச் சொல்லு."

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்த அத்தை தலையை நிமிர்த்தி, "என்னடா, பரீட்சையில பிட்டு அடிக்கறியா?" என்றார்.

உள்ளதைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் எனக்குச் சொல்லிவிடத்தான் வாய் வந்தது. அது பழக்கம். அவர் சாவியைத் தேடினால் என் கை தானாகச் சாவி இருக்கிற இடத்துக்குப் போகும். அவர் கூட்டத்தில் பேச வேண்டியதை நான் திருத்திக் கொடுத்திருக்கிறேன். இதுவும் ஒரு சாவி என்று கொடுத்துவிட்டிருப்பேன். அவர் பேசாமல் இருந்திருந்தால் கொடுத்திருப்பேன். பேசினார்.

"சீக்கிரம் சொல்லு. உனக்கு இது ரெண்டு நிமிஷ வேலை. என்ன பெரிய ரகசியமா?"

"ரெண்டு நிமிஷ வேலைக்கா ஆறு வாரம் போயிருக்கீங்க?"

"இப்ப சண்டை போடற நேரமா இது?"

"நான் சொல்லமாட்டேன்" என்றேன்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் தோளுக்கு மேலே ஒரு முகம் குனிந்து திரைக்குள் வந்தது. நெட்டை. என்னைப் பார்த்ததும் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "எப்படி இருக்கிறாய்? வலி குறைந்ததா? வயிற்றில் அறுவை சிகிச்சை என்று சொன்னார், ரொம்பக் கவலைப்பட்டேன்" என்றாள்.

இங்கே அம்மாவுக்கு மூட்டு, அங்கே எனக்கு வயிறு. ஆளுக்கு ஒரு நோயைப் பங்கு போட்டுக் கொடுத்திருந்தார். அடுப்பை அணைத்தேன். போனை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னேன். "எனக்கு ஒரு அறுவை சிகிச்சையும் நடக்கவில்லை. நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் என் பெயரைப் போட்டுக் கூப்பிட்டதே எல்லாம் முடிவான பிறகுதான் எனக்குத் தெரியும். வருகிறாயா என்று என்னை யாரும் கேட்கவும் இல்லை."

நெட்டையின் சிரிப்பு போய்விட்டது. திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் போனைக் கொஞ்சம் சாய்த்து, தன் முகம் எனக்குத் தெரியாதபடி பிடித்தார். கூரையும் ஒரு விளக்கும் தெரிந்தன.

"போனை அவங்ககிட்ட குடுங்க" என்றேன்.

"வேணாம், எனக்கு அசிங்கமாயிடும்" என்றார் தமிழில், பல்லுக்கு நடுவில். நெட்டைக்கு எங்கள் மொழியில் பத்து வார்த்தைகூடத் தெரியாது. ஆனால் கையை நீட்டினாள். அந்த நீளக் கையைப் பார்த்துவிட்டு அவர் போனைக் கொடுத்துவிட்டார்.

அவள் என்னை உள்ளே கொண்டுபோய், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பெரிய திரையில் போட்டாள். பத்திருபது முகங்கள். மேசை மேல் கல்லாகிப்போன புத்தகங்கள். என் குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று பேசினேன். களிமண் பூச்சைச் சொன்னேன், ஏன் ஒட்டிக்கொண்டது என்று சொன்னேன். அத்தை தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் கிடந்த வழவழப்பான விளம்பரப் புத்தகத்தை எடுத்துவந்து, நான் சொல்லாமலே பாத்திரம் துலக்கும் தொட்டியில் முக்கினார். அதைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து, ஓரத்தில் பிளாஸ்டிக் தாளை நுழைத்து, ஒவ்வொரு பக்கமாக எப்படிப் பிரிப்பது என்று காட்டினேன். அத்தை போனைப் பிடித்துக்கொண்டார், நடுவில் தன் கட்டைவிரலையும் கொஞ்ச நேரம் காட்டினார். ஒருவர், உறைய வைக்கும் இயந்திரம் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். "உங்கள் ஊரில் மீன் கிடங்கு இருக்கிறதா?" என்று கேட்டேன். சிரித்தார்கள். பிறகு அதை எழுதிக்கொள்ளவும் செய்தார்கள்.

கடைசியில் நெட்டை போனை எடுத்துக்கொண்டு அறையைச் சுற்றிக் காட்டினாள். ஜன்னலோரமாக வரிசையாகத் தொட்டிகள் இருந்தன, ஒன்றில் ஒரு பழைய தாள் மிதந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு பெண் குனிந்து அதைத் தூக்கப் போனாள். எப்படித் தூக்குகிறாள் என்று பார்ப்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

"நல்லாப் பேசினே" என்றார் அத்தை. நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். ஜெயித்துவிட்ட மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன், அப்படி ஒன்றும் இல்லை. அவர்களுக்கு வேண்டியதை நான் கொடுத்துவிட்டேன். எனக்கு வேண்டியது அந்தத் தொட்டியில் மிதந்துகொண்டிருந்தது.

அவர் ஆறு வாரமும் இருந்துவிட்டுத்தான் வந்தார். வந்த மூன்றாம் நாள், "அத்தனை பேர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டே" என்றார். "உங்க மானம் போனா என்ன, என் மானம் போனா என்ன? ஒரே வீடுதானே" என்றேன். தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனார். நூலகத்தில் வெளிநாட்டு ஒப்பந்த வேலையை அவரிடமிருந்து எடுத்து வேறு ஒருவரிடம் கொடுத்தார்கள். அதற்கும் நான்தான் காரணம் என்று அவருடைய அக்கா எனக்குப் போன் செய்து வருத்தப்பட்டார். நான் வருத்தப்படுகிறேனா என்று அவர் கேட்கவில்லை.

சில மாதம் கழித்துத் தலைமை நூலகர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். முகமெல்லாம் சிரிப்பு. உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார். நெட்டையின் நூலகத்திலிருந்து மறுபடி அழைப்பு வந்திருக்கிறது. என் பெயர்தான், எனக்குப் பதிலாக வேறு யாரையும் ஏற்கமாட்டார்கள் என்று தெளிவாக எழுதிவிட்டார்கள். அடுத்த மாதமே கிளம்ப வேண்டும்.

அவர் என் பக்கமாகச் சாய்ந்து, நல்ல செய்தியைக் கடைசிக்கு வைத்திருந்தவர் மாதிரிச் சொன்னார்.

"போன தடவை மாதிரி இந்தத் தடவை எந்தத் தப்பும் நடந்துடக் கூடாதும்மா. அதனால காலையில முதல் வேலையா உங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டேன். மறுபடி கூப்பிட்டா அவங்களை அனுப்புவீங்களான்னு பொதுவாத்தான் கேட்டேன், அழைப்பு வந்ததை இன்னும் சொல்லலை. சரின்னுட்டார்."

தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தேன். விட்டெறியாமல் வைத்தேன் என்பதை என் கணக்கில் வரவு வைக்க வேண்டும். எங்கே தப்பு நடந்தது என்று இந்த மனிதர் மாதக்கணக்கில் யோசித்திருக்கிறார். யோசித்து, போன தடவை என் கணவரைச் சரியாகக் கேட்கவில்லை என்று கண்டுபிடித்திருக்கிறார்.

"இப்ப என்னைக் கேளுங்க சார்" என்றேன்.

"அதான் சொன்னேனேம்மா."

"சொன்னீங்க. கேக்கலை."

அவர் கதவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை. கனைத்துக்கொண்டார். "போறீங்களாம்மா?" என்று கேட்டார். கேட்பதற்கே அவருக்குக் கூச்சமாக இருந்தது, யார் வீட்டுப் படுக்கையறைக்குள்ளோ எட்டிப் பார்த்துவிட்டவர் மாதிரி.

"போறேன்" என்றேன்.

உடனே முகம் மலர்ந்து மேசைத் தொலைபேசியை எடுத்தார்.

"யாருக்கு சார்?"

"உங்க வீட்டுக்காரருக்குத்தான். நீங்க ஒத்துக்கிட்டீங்க, எப்பக் கிளம்பணும்னு ஒரு வார்த்தை சொல்லிடறேன்."

"வேணாம் சார். அது எங்க வீட்டு விஷயம். நான் பாத்துக்கறேன்."

வீட்டு விஷயம் என்றதும் நெருப்பைத் தொட்டவர் மாதிரி தொலைபேசியை வைத்துவிட்டார். குடும்பத்துக்கு அவ்வளவு மரியாதை.

என் பெட்டி அத்தையின் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அத்தைதான் அடுக்கினார், நான் எடுத்து எடுத்துக் கொடுத்தேன். நாளை மறுநாள் காலையில் விமானம். அத்தைக்குத் தெரியும், வெளியூரில் படிக்கிற என் மகனுக்குத் தெரியும், நூலகத்தில் எனக்கு வேண்டியவர்களுக்குத் தெரியும். நேற்று சாயங்காலம் கணவர் கூடத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "பாவம், ஆசைப்படறா. அடுத்த வருஷம் வாக்குல அனுப்பலாம்னு இருக்கேன்" என்றார். நான் அவருக்கு எதிரில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். என் துணிதான். எதற்கு இத்தனை என்று கேட்டிருக்கலாம்.

அவரிடம் மறைக்க வேண்டும் என்ற எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. கேட்டால் அந்த நிமிடமே தேதியையும் நேரத்தையும் சொல்லிவிடுவேன். இன்னும் என்னைக் கேட்கவில்லை.